ஏத்தாச்சு

வேலுத்தாய்க்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் வலித்தன. நுனியில்தான் வலி. இடுக்கியில் வைத்து நசுக்கி, நுனியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போன மாதிரி. விரல்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டும் முழுசாக இருந்தன. நகம் இருந்தது. நகத்துக்குள் தோட்டத்து மண் இருந்தது.

விரலோடு நின்றாலும் பரவாயில்லை. பிடரியில் ஒரு கனம், மூட்டையை இறக்க மறந்துவிட்டுப் படுத்துக்கொண்டது போல. சோறு தொண்டைக்குழிவரை போய் அங்கேயே நின்றது. யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பொருளைப் பறிகொடுத்தவள்போல இல்லாமல், திருடியவள்போல உடம்பு தூக்கிப் போட்டது.

வலி அவளுக்குப் புதிது இல்லை. கீழே ஊரில் வெங்காயப்பேட்டையில் ஆம்பளைகளுக்குச் சமமாகத் தலையில் மூட்டை ஏற்றியவள். இடுப்பு வலி, முட்டி வலி, கழுத்து நரம்பு பிடித்து இழுக்கும் வலி எல்லாவற்றுக்கும் முகம் தெரியும். இந்த வலியின் முகம் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதில் அதிசயமும் இல்லை. இது அடுத்தவர் வலி. அடுத்தவர் வலியைத் தூக்குவதுதான் இப்போது அவளுடைய வேலை.

பேட்டையில் இயந்திரக் கைகள் வந்து இறங்கிய வருஷம் சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். மூட்டைக்கு மூச்சு வாங்காத, டீ கேட்காத, சண்டை போடாத கைகள். அதே வருஷம்தான் மலைக்கு ஏறும் சாலையில் 'முழுநலம்' திறந்தார்கள். சிறுதானியக் கஞ்சி, எண்ணெய்க் குளியல், மூச்சுப் பயிற்சி, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசுவது என்று மனசு சரியில்லாதவர்களுக்கு வைத்தியம் செய்யும் இடம். பெரிய பெரிய ஊர்களிலிருந்து கார்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில் 'இறக்கம்' என்று ஒன்று இருந்தது. அதற்குத்தான் இவர்களைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் டாக்டர் மைதிலி இவர்கள் எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனுஷி. கூலிக்காரர்களை நீங்க, வாங்க என்று பேசிய முதல் ஆள்.

"மனசு வேற, உடம்பு வேறன்னு பிரிச்சதுதான் பழைய வைத்தியம் செஞ்ச தப்பு. துக்கம் மூளையில மட்டும் இல்ல. வயித்துல இருக்கு, முட்டியில இருக்கு, மூச்சுல இருக்கு. நாங்க முழு மனுஷனையும் பாக்குறோம். அந்தத் துக்கத்தோட பாரத்தை நரம்புலேர்ந்து படிச்சு, இன்னொருத்தர் நரம்புக்கு மாத்த முடியும். அதுக்குத்தான் இந்த மெஷின்."

"அவுக கவலையெல்லாம் எங்களுக்கு ஞாபகம் வருமாம்மா?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"வராது. என்ன நடந்ததுங்கிற ஞாபகம் அவங்ககிட்டயே இருக்கும். பாரம் மட்டும் உங்களுக்கு வரும். நெஞ்சு கனக்கும், காரணமில்லாம அழுகை வரும். தோட்டத்துல கொத்தி, கல் சுமந்து, வேர்த்து, அசந்து தூங்குனா ஒரு வாரத்துல கரைஞ்சிடும். உழைச்சுப் பழகுன உடம்புலதான் சீக்கிரம் கரையுது. நாங்க சோதிச்சுப் பாத்துட்டோம்."

பஞ்சவர்ணம் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். வேலுத்தாயோடு ஒரே தெரு, ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கியவள், வாய் அடங்காதவள். "அப்ப அவுகளே மம்பட்டியப் பிடிச்சு ஒரு வாரம் கொத்திக் கரைச்சுக்கிற வேண்டியதுதானம்மா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்களுக்குப் பழக்கம் இல்லையேம்மா."

உண்மைதான். பழக்கம் இல்லை.

அந்த அறையில் நடுவே ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் வந்தவர் படுத்திருப்பார், இந்தப் பக்கம் இவர்கள். பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டை ஒட்டுவார்கள். முகம் பார்க்கக் கூடாது. பெயர் கிடையாது. பாரம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் தங்கள் வார்த்தையைச் சொன்னார்கள்.

பேட்டையில் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மூட்டை மாற்றும்போது, வாங்குகிறவர் "ஏத்தாச்சு" என்று சொல்லும்வரை கொடுக்கிறவர் கையை எடுக்க மாட்டார். சொல்லிவிட்டால் அப்புறம் மூட்டை விழுந்தாலும் சிதறினாலும் வாங்கியவர் பொறுப்பு. இன்னொரு வழக்கமும் உண்டு. மூட்டை யாருடையது, உள்ளே என்ன என்று சுமக்கிறவர் கேட்கக் கூடாது. கேட்கிறவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்தக் கேள்வியே இவர்கள் வாயில் முளைக்காமல் போயிற்று.

டாக்டருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. "கையெழுத்தவிட இது நேர்மையா இருக்கு" என்றார். மறுவாரமே எல்லாருக்கும் நீலச் சட்டை வந்தது. நெஞ்சில் வெள்ளை நூலில் 'சுமைதாங்கி' என்று தைத்திருந்தது.

சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலுத்தாயைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

"டாக்டரம்மா" என்றாள் பஞ்சவர்ணம். "சொமதாங்கின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. வழிப்போக்கங்க சுமைய இறக்கி வைக்க ரோட்டோரம் இருக்குற கல்லு. எவ்ளோ அழகான பேரு!"

"ஆமாம்மா. ரெண்டு கல்ல நட்டு, மேல ஒரு குறுக்குக்கல்லு. அத எதுக்கு வைப்பாகன்னா, வயித்துல புள்ளையோட ஒருத்தி செத்துப்போனா வைப்பாக. எறக்காத சொமையோட போயிட்டாள்ல. அவ பேரச் சொல்லி நாலு பேரு சொமைய எறக்கட்டும்னு."

டாக்டர் முகம் மாறியது. "ஐயோ, மாத்திடலாமா?" என்றார். நூற்றுக்கணக்கில் தைத்து வந்திருந்தது. வேலுத்தாய்தான், "கெடக்கட்டும்மா, பொருத்தமாத்தான் இருக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டாள்.

அவள் மகள் மரிக்கொழுந்து செத்து அப்போது மூன்று மாசம்.

பேட்டையில் சன்னாசி முதலாளியின் கிட்டங்கியில், சரக்கு அடுக்கி வைக்கும் கிடங்கில், வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தவள் மரிக்கொழுந்து. நிறைமாசம். வீட்டில் இருடி என்றால், உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்பாள். மூட்டைக்குக் கைகள் வந்தாலும் அழுகலைப் பிரிக்க இன்னும் பொம்பளைக் கை வேண்டியிருந்தது. அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகிற சரக்கு. மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறாள். முதலாளியின் கார் வாசலிலேயே நின்றது. "மாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். சன்னாசி லாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்த ஒரு லோடு போகட்டும்த்தா, அனுப்புறேன்" என்றார்.

லோடு போயிற்று. அவளும் போனாள். வழியிலேயே, வயிற்றில் பிள்ளையோடு.

சன்னாசி பிறவி முதலாளி இல்லை. வேலுத்தாயின் புருஷன் ஒச்சுவோடு ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டை கட்டுகிற இயந்திரம் முதன்முதலில் வந்தபோது அதில் கையை விட்டு, வலது கையில் இரண்டு விரல் நுனியைக் கொடுத்தவர். அதற்கு நஷ்டஈடாகக் கிடைத்ததை வைத்துத் தரகு பார்த்து, தரகில் கிட்டங்கி பிடித்து மேலே வந்தார். ஒச்சு நெஞ்சு அடைத்துச் செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் வேலுத்தாய்க்கு வயிறு அதிகமாக எரிந்தது. ஒரு அந்நியன் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவனைச் சபித்துவிட்டுப் போயிருப்பாள்.

சாவுக்கு அவர் வரவில்லை. கருமாதி அன்றைக்குத் தெருமுனை வரை வந்தார். வேலுத்தாய் வாசலிலிருந்து பார்த்தாள். வேட்டி கசங்கி, தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், அந்தக் குட்டை விரல்களைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். மனசு கெட்டுப்போனால் அவர் அப்படித்தான் தேய்ப்பார், பேட்டைக்கே தெரியும். நாலு எட்டு வைத்தால் வாசல். வைக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் வருவார் என்று வேலுத்தாய்க்குத் தெரிந்தது. சாப்பிடுவதில்லையாம், தூங்குவதில்லையாம், கிட்டங்கிப் பக்கமே போவதில்லையாம் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. மகள் செத்தது இந்த ஊரில் இன்னொரு உடம்பையும் அரிக்கிறது.

பேட்டைக்குப் பிரிகிற பாதையில் மரிக்கொழுந்துக்குச் சுமைதாங்கி வைத்தாள். கூலிக்காரத் தெருவில் அதற்கு ஒரு முறை உண்டு. நிற்கிற இரண்டு கல்லையும் செத்தவளின் வீட்டார் நடுவார்கள். குறுக்குக்கல்லை, அந்தச் சாவில் யாருக்குப் பங்கு இருக்கிறதோ அவர்தான் வந்து தூக்கி வைக்க வேண்டும். பெரும்பாலும் புருஷன் வைப்பான், சில சமயம் மாமியார். தூக்கும்போது அழுவார்கள். அழாமல் யாரும் வைத்தது இல்லை. வேலுத்தாய் மருமகனைக் கூப்பிடவில்லை. இரண்டு கல்லை நட்டுவிட்டு, குறுக்குக்கல்லைப் பக்கத்தில் போட்டுவிட்டு, சன்னாசிக்காகக் காத்திருந்தாள்.

ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் டீக்கடையில் சன்னாசியைப் பார்த்தாள். முகத்தை மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆக, அவ்வளவுதான் மனுஷன். அவ்வளவுதான் அந்தத் துக்கம். காறித் துப்பிவிட்டு மலைச்சாலையில் நடந்தாள்.

விரல் வலி அதற்கு முந்தின வாரமே ஆரம்பித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றவைத்தவள் பஞ்சவர்ணம். தோட்டத்து நிழலில் இருவரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு அன்று நல்ல நாள். போன வாரத்துப் பாரம் கரைந்திருந்தது. வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கெட்ட நாள். நாள் முழுக்க அடுத்தவர் கதையைக் கேட்கிற டாக்டருக்கும் மனசில் ஏறுமே, அதை வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சவர்ணம்தான் வாங்குவாள். "வெள்ளிக்கெழமையானா எனக்கு இங்கிலீசுல தலவலிக்குதுடி" என்பாள்.

"சோத்தத் தின்னாம என்னடி பண்ற?"

"எறங்க மாட்டேங்குது."

"போன மாசம் ஏத்துனதா இன்னும்? கரையலையா?"

"கரையல."

பஞ்சவர்ணம் அவள் கையைப் பார்த்தாள், சிரித்தாள். "ஏண்டி, அதென்ன சன்னாசி மொதலாளி மாதிரி வெரலத் தேச்சுக்கிட்டே இருக்க?"

வேலுத்தாய் குனிந்து பார்த்தாள். அவள் கட்டைவிரல் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். சற்று நேரத்தில் அது தானாகவே மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

பஞ்சவர்ணத்தின் சிரிப்பும் நின்றது. "ஏத்தா..." என்றாள். தூக்குவாளியை மூடினாள்.

அன்று சாயங்காலம் டாக்டரே வேலுத்தாயைக் கூப்பிட்டார். அறையில் ஊதுபத்தி வாசனை, சன்னலோரம் செடிகள். உட்காரச் சொல்லி, சுக்குமல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"வேலுத்தாயம்மா, உங்ககிட்ட ஒரு பாரம் தங்கிடுச்சு. எவ்வளவு வேலை செஞ்சும் கரையலை. வழக்கமா பாரம் யாரோடதுன்னு உடம்புக்குத் தெரியாது, அதனாலதான் கரையுது. உங்க உடம்பு அத எங்கயோ அடையாளம் கண்டுடுச்சுன்னு நெனைக்கிறேன். நாளைக்கு எடுத்துடலாம்."

"எடுத்து?"

"பஞ்சவர்ணத்துக்கு மாத்திடலாம். அவங்க உடம்புல கரைஞ்சிடும்."

"இது சன்னாசியண்ணனோடதாம்மா?"

டாக்டர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "வந்தவங்க பேர நாங்க சொல்ல முடியாது."

"அப்ப அவரோடதுதான்."

செடியில் ஒரு பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அவருக்கே திருப்பிக் குடுத்துருங்க" என்றாள் வேலுத்தாய்.

"அது வைத்தியம் இல்லம்மா. தண்டனை." டாக்டர் முன்னால் சாய்ந்தார். "யாரோ ஒருத்தர்னு வச்சுக்குங்க. அந்த ஆள இங்க கூட்டிட்டு வரும்போது சாகுற முடிவுல இருந்தார். வீட்ல கயித்தையெல்லாம் ஒளிச்சு வச்சிருந்தாங்க. நான் என்ன செய்யணும்? ஒரு உயிரக் காப்பாத்துனது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லலம்மா. அவரு சாக வேணாம். ஆனா அவரு என் வாசலுக்கு வந்துக்கிட்டு இருந்தாரு. நாலு எட்டுல வந்து சேந்திருப்பாரு. நடுவுல உங்ககிட்ட வந்ததால என்கிட்ட வராமப் போயிட்டாரு."

"வந்து என்ன பண்ணியிருப்பார்?"

"அழுதிருப்பாரு. நான் செருப்பக் கழட்டி அடிச்சிருப்பேன். பெறகு நானும் அழுதிருப்பேன். ரெண்டு பேத்துக்கும் கொஞ்சம் எறங்கியிருக்கும்."

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் படித்ததில் அதற்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். "உங்க பொண்ணோட துக்கத்தையும் சேத்தே எடுத்துடலாம்" என்றார், ரொம்ப மெதுவாக. "நீங்களும் எங்க பொறுப்புதானே. முழுசா சரி பண்ணிடலாம்."

"முழுசாங்கிறீக. எடுத்தத யாரு தூக்குறது? எங்க தெருவுலதான இன்னொருத்தி?"

"வேலுத்தாயம்மா..."

"நான் ஏத்தாச்சுன்னு சொல்லிட்டேன் டாக்டரம்மா. யாரு மூட்டைன்னு கேக்காமச் சொல்லிட்டேன். எங்க பழக்கம் அது. இப்ப நீங்க இத எடுத்துப் பஞ்சவர்ணத்துக்கிட்டக் குடுத்தா, அவ ஒரு வாரம் கொத்திக் கரைச்சுருவா. பெறகு எங்க இருக்கும் இது?"

"எங்கயும் இருக்காது."

"அதான். எம்மக செத்ததுக்கு இந்த ஊர்ல தப்புப் பண்ணிட்டோம்னு கெடந்து வெந்தது இது ஒண்ணுதான். இதும் கரைஞ்சு போச்சுன்னா, எம்மகள யாரும் ஒண்ணும் பண்ணலன்னு ஆயிரும். இருக்கட்டும், நானே வச்சுக்கிறேன்."

பாரம் இறங்காத ஆளுக்குப் புதிசாக ஏற்ற முடியாது என்று டாக்டர் சொன்னார். அதாவது இனி வேலை இல்லை. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. வேலுத்தாய் நீலச் சட்டையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பஞ்சவர்ணம் அவள் வீட்டுக்கு வந்து, வாசல்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அந்தப் பொம்பளைய என்னடி சொன்ன நீ? இன்னிக்கு டாக்டரம்மாவோடது தூக்க முடியாத கனம் கனத்துச்சு. ஏத்துனதுலருந்து உன்னய நெனச்சு நெனச்சு அழுகையா வருதுடி எனக்கு. எறக்கிட்டு அவுக பாட்டுக்குக் கஞ்சி குடிக்கப் போயிட்டாக."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேலுத்தாய்க்கும் வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் வேலுத்தாய் பேட்டைக்குப் போனாள். கிட்டங்கியில் இயந்திரக் கைகள் மூட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தன. சன்னாசி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தெளிவு இருந்தது. தோலில் எண்ணெய்ப் பளபளப்பு. மேசைமேல் கம்பங்கூழ்.

"வா தங்கச்சி, வா வா. உக்காரு. எளச்சுப் போயிட்டியே!"

அவள் அவர் கையைத்தான் பார்த்தாள். இரண்டு குட்டை விரல்களும் மேசைமேல் அசையாமல் கிடந்தன. தேய்ப்பாரில்லை. அவளுடைய கட்டைவிரல் முந்தானைக்குள் தேய்த்துக்கொண்டிருந்தது.

"கையில என்ன? அடியா?"

"வலிண்ணே. வெரல் நுனியில."

"வெளக்கெண்ணெயக் காய்ச்சித் தேயி. சரியாப் போகும்."

அவள் தலையாட்டினாள். "மரிக்கொழுந்து கல்லுக்குக் குறுக்குக்கல்லு வைக்கணும்ணே. நீங்க வந்து தூக்கணும்."

இதைக் கேட்டால் அவர் முகம் சுருங்கும், தடுமாறுவார், இல்லை கோபமாவது வரும் என்று நினைத்திருந்தாள். எதுவும் இல்லை. "அதுக்கென்ன, வாறேன். நாளைக்கே வாறேன். எனக்கு ஒரு சங்கடமும் இல்ல தங்கச்சி" என்றார்.

"ஞாபகம் இருக்காண்ணே உங்களுக்கு?"

"எல்லாம் இருக்கு. மறைக்க என்ன இருக்கு? அந்தப் புள்ள இடுப்பப் பிடிச்சுக்கிட்டு இந்தா, இந்த எடத்துலதான் நின்னுச்சு. காரு வாசல்லயே நின்னுச்சு. 'இந்த ஒரு லோடு போகட்டும்த்தா'ன்னு சொன்னேன். தப்புதான். தப்பு இல்லேங்கல. ஆனா இப்ப அத நெனச்சா உள்ள ஒண்ணுமே ஆக மாட்டேங்குது. எவனோ எங்கயோ செஞ்ச மாதிரி இருக்கு. டாக்டரம்மா கைராசி."

அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தன. போய் விழுந்தது அவள் உடம்பில்.

'இந்த ஒரு லோடு' என்று அவர் சொன்ன கணத்தில் வேலுத்தாயின் பிடரி அழுந்தியது. விரல் இரண்டும் தீயில் வைத்தது போல் எரிந்தன. தானே அதைச் சொன்னவள்போல, தானே லாரியைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தவள்போல உடம்பு நடுங்கியது. நாற்காலியிலிருந்து சரிந்தாள். யார் காலிலாவது விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. எதிரே இருந்தது அவருடைய கால்தான். 'மன்னிச்சிருங்க' என்ற வார்த்தை தொண்டையைக் கடந்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள். உதட்டில் ரத்தம் உப்பாகக் கரித்தது.

சன்னாசி பதறி எழுந்து வந்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் தலையைத் தொட்டார்.

"அழாத தங்கச்சி. எதுக்கு இப்படிக் கெடந்து அழுகுற? நடந்தது நடந்துபோச்சு. மூச்ச மெதுவா இழுத்து விடு. நானும் இப்பிடித்தான் கெடந்தேன். சரியாப் போகும்."

அவருக்குப் பதிலாக அவள் அழுதாள். அவர் அவளைத் தேற்றினார்.

மறுநாள் காலையில் சொன்னபடியே வந்தார். மாலை வாங்கி வந்தார். கல்லைத் தூக்க ஒரு சின்ன கிரேனையும் கொண்டு வந்தார். "கையாலதான் தூக்கணும்ணே" என்று வேலுத்தாய் சொன்னாள். அதற்கும் சரி என்றார். பழைய கூலிக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். தெருவே வந்து பாதையோரம் நின்றது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவர் அழப்போகிற நேரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சன்னாசி வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். பழகிய உடம்பு, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, குட்டை விரல்களைக் கல்லுக்கு அடியில் கொடுத்துத் தூக்கித் தோளில் வாங்கினார்.

"ஏத்தாச்சு" என்றார்.

குரலில் ஒரு விரிசல் இல்லை. கல்லைக் குறுக்கே வைத்தார். கையைத் தட்டினார். "நான் என்னமோன்னு நெனச்சேன். லேசாத்தான் இருக்கு" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். மாலையைப் போட்டார். வேலுத்தாயிடம் வந்து, "இப்ப நிம்மதிதான தங்கச்சி?" என்று கேட்டார். அவள் பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிப் போனார். கிரேன் பின்னாலேயே போயிற்று.

தெரு கலையவில்லை. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. முறைப்படி எல்லாம் நடந்திருந்தது. ஒரு கிழவர், "வச்சாச்சுல்ல, போவோம்" என்று முனகினார்.

வேலுத்தாய் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தாள். அதைக் குறுக்குக்கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பஞ்சவர்ணம், "என்னடி பண்ற?" என்றாள். அப்புறம் கேள்வியை விட்டுவிட்டு மறுமுனையில் கை கொடுத்தாள். கல் சரிந்து, மாலையோடு மண்ணில் விழுந்தது.

இப்போதும் அந்தப் பாதையில் போனால் பார்க்கலாம். இரண்டு கல் நிற்கிறது, மூன்றாவது கீழே கிடக்கிறது. பேட்டைக்குப் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். சுமையை இறக்கி வைக்க மட்டும் அங்கே இடமில்லை. வெளியூர்க்காரர் யாராவது, "ஏம்மா, இந்தக் கல்ல எடுத்து மேல வச்சா என்ன?" என்று கேட்டால், வேலுத்தாய் விரலைத் தேய்த்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"வைக்கக் கூடாதுய்யா. சன்னாசியண்ணன் எனக்கு ஒரு அழுகை பாக்கி."